தண்டவாளத்துக்குப் பக்கத்தில் ஒரு வீடு

(முன்னாள் மாணவர் சந்திப்பு நாளன்று, சிவில் துறைக் கருத்தரங்க அறையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

சங்கச் செயலாளர் போன மாதம் போன் செய்து, "பசங்களுக்கு உற்சாகம் வர்ற மாதிரி ஏதாவது பேசுங்க சார்" என்றார். எனக்கு அது வராது. ஏறக்குறைய நாற்பது வருஷம் ஸ்ட்ரக்சுரல் டிசைன் செய்து பிழைத்தவன் நான். கம்பி, சிமெண்ட், ஜல்லி தவிர வேறு பேச்சு தெரியாது. "வேணும்னா நான் பண்ணின ஒரு தப்பைப் பத்திப் பேசறேன்" என்றேன். "அதையே பேசுங்க, எல்லாரும் கேட்பாங்க" என்று சொல்லிவிட்டார். ஆகவே வந்து நிற்கிறேன்.

நான் இறுதியாண்டு படிக்கும்போது 'அதிர்வியல்' என்று ஒரு பகுதி உண்டு. ஐந்து யூனிட்டில் அது ஐந்தாவது. நாங்கள் பாதிப் பேர் அதைச் சாய்ஸில் விட்டுவிட்டோம். பாஸ் பண்ண நாலு யூனிட் போதும். இங்கே உட்கார்ந்திருக்கும் என் நண்பர்கள் சிரிப்பதைப் பார்த்தால் அவர்களும் அந்தப் பாதியில் இருந்தவர்கள் என்று தெரிகிறது. சாய்ஸில் விட்ட அந்தப் பாடம் முப்பது வருஷத்துக்கு மேல் காத்திருந்து என் கட்டிலுக்கு அடியில் வந்து நின்றது. அந்தக் கதைதான் இன்றைய பேச்சு.

ஒரு கடிதம்

சென்னையிலிருந்து அரக்கோணம் போகும் ரயில் பாதை உங்களுக்குத் தெரியும். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு இந்த வழியாகத்தான் ஓடியது. அதே பாதையில், ஆவடி தாண்டி, ஒரு காலத்தில் ஏரிப்பாசன வயலாக இருந்த இடத்தில் 2014-இல் ஒரு புதிய குடியிருப்பு எழும்பியது. ஆறு மாடி, மூன்று பிளாக். முதல் பிளாக்குக்கு ஸ்ட்ரக்சுரல் டிசைன் அடியேன்தான். கட்டடத்தின் பின்சுவருக்கும் தண்டவாளத்துக்கும் இடைவெளி நாற்பது மீட்டருக்குச் சற்றுக் கூடுதல்.

வீடு பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "ரயில் போனா ஒண்ணும் ஆகாதா?" புரமோட்டர் என்னிடம் வந்தார். "சார், உங்க லெட்டர்ஹெட்டுல ஒரு கடுதாசி கொடுத்துடுங்க. ஜனங்க பயப்படறாங்க" என்றார். நானும் கொடுத்தேன். "ரயில் போக்குவரத்தால் உண்டாகும் அதிர்வினால் இக்கட்டடத்தின் உறுதிக்கு எவ்விதப் பாதிப்பும் இல்லை என்று சான்றளிக்கிறேன்." கையெழுத்து, முத்திரை, தேதி.

அந்தக் கடிதத்தில் பொய் எதுவும் கிடையாது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். மாணவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். தரையின் அதிர்வை நொடிக்கு எத்தனை மில்லிமீட்டர் வேகம் என்று அளப்பார்கள். ஜெர்மானியர்களின் தர நூலான டின் 4150, வீடுகளின் அஸ்திவாரத்தில் தாழ்ந்த அலைவெண்ணுக்கு 5 மில்லிமீட்டர் வரை இருந்தால் பூச்சில்கூடக் கீறல் விழாது என்கிற அளவில் வைத்திருக்கிறது. நாற்பது மீட்டர் தூரத்தில் சாதாரணமாக ரயில் அந்த அளவுக்குப் பக்கத்தில்கூட வராது. ஆக, கட்டடம் பத்திரம்.

ஆனால் மனுஷ உடம்பு கட்டடத்தைவிட நுட்பமான கருவி. 0.3 மில்லிமீட்டரிலேயே வீட்டில் உட்கார்ந்திருப்பவருக்கு அதிர்வு தெரிய ஆரம்பித்துவிடும். படுத்திருப்பவருக்கு இன்னும் சீக்கிரம் தெரியும். கட்டடம் தாங்கும் அளவுக்கும் மனுஷன் உணரும் அளவுக்கும் இடையில் பதினைந்து மடங்குக்கு மேல் இருக்கிறது. நான் கையெழுத்துப் போட்டது கட்டடத்துக்கு. வந்தவர்கள் கேட்டதோ தங்களைப் பற்றி.

நானே குடி போனேன்

2016-இல் அந்தப் பிளாக்கிலேயே மூன்றாவது மாடியில் எனக்கும் ஒரு வீடு வாங்கினேன். விலை கொஞ்சம் குறைத்துக் கொடுத்தார்கள். சாமி படம், பால் காய்ச்சல், எல்லாம் நல்லபடியாக முடிந்தது. முதல் ராத்திரி இரண்டே முக்காலுக்கு ஒரு கூட்ஸ் வந்தது.

முதலில் சத்தம் வரவில்லை. கட்டில்தான் லேசாக நடுங்கியது. அப்புறம் சமையலறை அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று கிணுகிணு என்றன. பீரோவின் கதவு படபடத்தது. அதற்குப் பிறகுதான் உறுமல். கேட் பக்கத்தில் நீளமாக ஒரு ஹாரன். என் மனைவி எழுந்து உட்கார்ந்து, "என்னங்க, பூகம்பமா?" என்றாள். "இல்லம்மா, கூட்ஸு. பழகிடும்" என்றேன்.

பழகிடும் என்கிற இந்த வார்த்தையை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் தெரியுமா? அது பாதி உண்மை. சில வாரங்களில் நாம் விழித்துக்கொள்வது குறைகிறது. ஆனால் நாம் விழிக்காவிட்டாலும், ரயில் கடக்கும் நேரத்தில் இதயத் துடிப்பு ஏறி இறங்குவது முழுக்க நிற்பதில்லை என்று தூக்கத்தை ஆராய்ந்தவர்கள் கண்டிருக்கிறார்கள். காது பழகிவிடுகிறது, உடம்பு அவ்வளவாகப் பழகுவதில்லை.

ஆறு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், கீழ் வீட்டு அம்மா கதவைத் தட்டினார். ஓய்வு பெற்ற தலைமையாசிரியை. எழுபத்தைந்து வயது. கணவருடைய பென்ஷன் பணத்தையும் தன்னுடையதையும் சேர்த்துப் போட்டு வாங்கிய வீடு. கையில் என் கடிதத்தின் ஜெராக்ஸ் இருந்தது.

"தம்பி, இது நீங்க எழுதினதுதானே?"

"ஆமாம்மா."

"கட்டடத்துக்கு ஒண்ணும் ஆகாதுன்னு எழுதியிருக்கீங்க. சரிதான், ஒண்ணும் ஆகலை. எங்க வீட்டுக்காரருக்கு ஹார்ட் ஆபரேஷன் ஆகி ரெண்டு வருஷம். அவர் ராத்திரி மூணு மணிக்கு எழுந்து விடியிற வரைக்கும் உட்கார்ந்திருக்கார். அதைப் பத்தி இதுல ஒரு வரி இல்லையே?"

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பரீட்சைப் பேப்பரில் கேள்வியைச் சரியாகப் படிக்காமல் விடை எழுதின பையனிடம் பேசுகிற மாதிரிதான் சொன்னார். எனக்குப் பதில் வரவில்லை. அன்றைக்குத்தான் பழைய பெட்டியைத் திறந்து அந்த ஐந்தாவது யூனிட்டை எடுத்தேன்.

சத்தம் வேறு, அதிர்வு வேறு

நான் படித்ததில் முதல் பாடம் இதுதான். ரயில் நம் வீட்டுக்கு இரண்டு வழியாக வருகிறது. காற்று வழியாக வருவது சத்தம். மண் வழியாக வருவது அதிர்வு. ஒன்றுக்குச் செய்கிற வைத்தியம் மற்றதற்குப் பலிக்காது.

காற்று வழியை முதலில் பார்ப்போம். ரயிலின் முக்கியமான சத்தம் என்ஜினிலிருந்து வருவது என்று நினைக்கிறோம். ஓடும் ரயிலில் பெரும்பாலும் சக்கரமும் தண்டவாளமும் உரசி உருள்கிற சத்தம்தான் அது. வேகம் இரட்டித்தால் சுமார் 9 டெசிபல் ஏறும். நாம் சின்ன வயசில் கேட்ட 'தடக் தடக்' 13 மீட்டர் தண்டவாளங்களின் இணைப்பில் வந்த சத்தம். இப்போது நீளமாகப் பற்றவைத்துவிட்டதால் அந்தத் தாளம் குறைந்துவிட்டது. பிரேக் இறுகி உருளாமல் தேய்ந்த சக்கரத்தில் ஒரு தட்டை விழுந்திருந்தால், 'டப் டப்' என்று அடித்துக்கொண்டு போகும். ராத்திரியில் கவனியுங்கள், எந்த வேகனில் இருக்கிறது என்றுகூடச் சொல்லிவிடலாம்.

நம் நாட்டில் 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி, குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை 45 டெசிபல். ஐரோப்பாவுக்காக உலக சுகாதார நிறுவனம் 2018-இல் தந்த வழிகாட்டியில், ரயில் சத்தத்துக்கு இரவில் 44 டெசிபல் என்று பரிந்துரை. இரண்டும் சராசரிக் கணக்கு. மாணவர்கள் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். எட்டு மணி நேர இரவு முழுக்க நிசப்தம். ஒரே ஒரு கூட்ஸ் மட்டும் ஒரு நிமிஷம் 80 டெசிபலில் கடந்து போகிறது. 480 நிமிஷத்தில் ஒரு நிமிஷம். மடக்கையில் போட்டால் 27 டெசிபல் கழியும். இரவுச் சராசரி 53. ஒரே ரயிலில் வரம்பு தாண்டிவிட்டது. எங்கள் பாதையில் ராத்திரிக்கு ஒரு ரயிலா வருகிறது?

அடுத்து மண் வழி. சரக்கு ஏற்றிய ஒரு வேகன் தொண்ணூறு டன் வரை கனம். அப்படி ஐம்பதுக்கு மேல் கோத்து இழுத்து வரும்போது மண் நடுங்காமல் என்ன செய்யும்? அந்த அலை மேல்மண்ணில் பரவி அஸ்திவாரத்துக்கு வருகிறது, பில்லர் வழியாக ஏறுகிறது, ஸ்லாப்பில் போய் விரிகிறது. ஸ்லாப்பின் இயல்பான அலைவெண்ணும் வருகிற அதிர்வும் ஒத்துப்போனால், ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளினால் எப்படி உயருமோ அப்படி உயரும். பெரிய ஹால் வேண்டும் என்று பில்லர்களைத் தள்ளித் தள்ளிப் போடுகிறோமே, அந்த நீளமான ஸ்லாப்பின் நடுப்பகுதிதான் அதிகமாக ஆடும்.

ஈரக் களிமண் இதற்கு இன்னும் தோது. ஸ்வீடனில், கோதன்பர்க் நகரத்துக்குத் தெற்கே லெட்ஸ்கோர்ட் என்ற இடத்தில், 1997-இல் புதிய பாதையில் அதிவேக ரயிலை விட்டார்கள். கீழே மெத்தென்ற களிமண். ரயிலின் வேகமும் மண்ணில் அலை ஓடும் வேகமும் நெருங்கிவிட, பாதையே அதிர்ந்தது. ரயிலின் வேகத்தைக் குறைத்தார்கள். அப்புறம் சுண்ணாம்பும் சிமெண்டும் கலந்து மண்ணுக்குள் தூண் தூணாக இறக்கிக் கெட்டிப்படுத்தினார்கள். நம் ரயில்களுக்கு அந்த வேகம் கிடையாது. ஆனால் மண்ணைக் கேட்காமல் கட்டக்கூடாது என்கிற பாடம் நமக்கும் பொருந்தும். எங்கள் இடத்தில் மண் பரிசோதனை செய்தோம். எவ்வளவு பாரம் தாங்கும் என்று கேட்டோம். எவ்வளவு நடுங்கும் என்று கேட்கவில்லை.

செய்து பார்த்தவை

குடியிருப்போர் சங்கத்தில் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். "சுவர் ஓரமா மரம் நடலாம் சார்." நட்டோம். நிழலுக்கு நல்லது. ஆனால் இரண்டு வரிசை மரம் சத்தத்தைத் தடுக்காது. அடர்ந்த தோப்பு முப்பது மீட்டர் அகலத்துக்கு இருந்தால்தான் ஏதோ கொஞ்சம் குறையும். "காம்பவுண்டு சுவரை உயர்த்தலாம்." தண்டவாளம் கண்ணுக்கு மறைகிற வீட்டுக்கு மட்டுமே சுவரால் பலன். தரைத் தளத்துக்கும் முதல் மாடிக்கும் உதவியது. மூன்றாம் மாடியில் இருக்கிற எனக்கு இல்லை. "சுவர் பக்கம் பள்ளம் தோண்டினா அதிர்வு நின்னுடும்னு சொல்றாங்களே?" மெத்தென்ற களிமண்ணில் அலை நொடிக்கு 150 மீட்டர் ஓடுகிறது, அதிர்வு 10 ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓர் அலையின் நீளம் 15 மீட்டர். நாலடிப் பள்ளத்தை அது கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. பைல் போட்டிருப்பதால் அதிர்வு வராது என்பதும் அப்படித்தான். எங்கள் பிளாக் பைல் மேல்தான் நிற்கிறது.

பலன் தந்தவற்றைச் சொல்கிறேன். ஏற்கெனவே இப்படிப்பட்ட வீட்டில் இருப்பவர்களுக்கு உதவும்.

ஒன்று, ஜன்னல். நகர்த்தித் திறக்கும் ஜன்னலில் எப்போதும் சந்து இருக்கும். ஜன்னல் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு சந்து இருந்தால், கண்ணாடி எவ்வளவு கனமாக இருந்தாலும் 20 டெசிபலுக்கு மேல் தடுக்காது. படுக்கையறையில் மட்டும் அதைக் கழற்றிவிட்டு, கீல் வைத்து ரப்பர் பட்டையில் இறுக்கிச் சாத்துகிற யூ.பி.வி.சி. ஜன்னல் போட்டேன். ஏ.சி. பைப் போகிற ஓட்டையையும் அடைத்தேன். உறுமல் பாதியாகக் குறைந்தது. ஆனால் நம் ஊர் வெயிலில் ஜன்னலைச் சாத்தினால் ஏ.சி. ஓட வேண்டும், கரண்ட் பில் ஏறும். இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

இரண்டு, கட்டில். அறையின் நடுவிலிருந்து பில்லரும் பீமும் சேர்கிற மூலைக்கு நகர்த்தினேன். செலவு ஒரு பைசா இல்லை. நடுக்கம் கண்கூடாகக் குறைந்தது.

மூன்று, கிணுகிணுக்கிற சாமான்கள். அலமாரித் தட்டில் ரப்பர் விரிப்பு, பீரோ கதவில் ஒட்டுத் துணி, ஜன்னல் கண்ணாடியில் புதிய பீடிங். அதிர்வு அப்படியேதான் இருக்கிறது. ஆனால் பாத்திரம் வாயை மூடினால் மனசுக்குப் பாதி நிம்மதி.

மாணவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. செல்போனில் ஒரு ஆப் போட்டுக்கொண்டு அளந்துவிட்டேன் என்று யாரிடமும் சண்டைக்குப் போகாதீர்கள். ஆழமான உறுமலை அது சரியாக அளக்காது. முறையான கருவியை இரவல் வாங்கி, ராத்திரியில், படுக்கையறைத் தரையின் நடுவில் வைத்து அளக்க வேண்டும். நான் அப்படி அளந்த அன்றைக்குத்தான், தலைமையாசிரியை அம்மா சொன்னது நூற்றுக்கு நூறு சரி என்று தெரிந்தது.

அவர் வீட்டில் இந்த மூன்றையும் நானே நின்று செய்து கொடுத்தேன். ஜன்னலுக்கு அவர் பணம் கொடுக்க வந்தார், வாங்கவில்லை. அவர் கணவர் இப்போது நாலு மணி வரைக்கும் தூங்குகிறார். "ஒரு மணி நேரம் கிடைச்சிருக்கு தம்பி" என்றார் அந்த அம்மா. அதற்கு மேல் எதுவும் செய்ய முடியவில்லை. கட்டி முடித்த கட்டடத்தில் அதிர்வை நிறுத்துவது ஏறக்குறைய முடியாத காரியம்.

கட்டுவதற்கு முன்னால்

கட்டுவதற்கு முன்னால் என்றால் முடியும். லண்டனில் செயின்ட் ஜேம்ஸ் பார்க் சுரங்க ரயில் நிலையத்துக்கு நேர் மேலே, 1966-இல் அல்பானி கோர்ட் என்று ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பைக் கட்டினார்கள். மொத்தக் கட்டடத்தையும் இயற்கை ரப்பர் தாங்கிகளின் மேல் உட்கார வைத்தார்கள். ரயில் கீழே ஓடுகிறது, மேலே ஜனங்கள் தூங்குகிறார்கள். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் மரத்திலிருந்து வடிக்கிறோமே, அதே ரப்பர்தான். ஆக இது புது வித்தையும் இல்லை, ராக்கெட் விஞ்ஞானமும் இல்லை. நான் கல்லூரியில் சேர்வதற்கு முன்பே வந்துவிட்ட விஷயம்.

ரயில் எல்லையிலிருந்து 30 மீட்டருக்குள் கட்டினால் நம் மாநிலத்தில் ரயில்வேயிடம் என்.ஓ.சி. வாங்க வேண்டும். அது ரயில் பாதைக்கு நம்மால் இடைஞ்சல் வரக்கூடாது என்பதற்காக. ரயிலால் நமக்கு என்ன வரும் என்று பார்ப்பது நம் பொறுப்பு. நூற்றறுபது வருஷமாக ஓடுகிற ரயிலைப் பார்த்து, நேற்று வந்த நாம் "மெதுவாப் போ" என்று சொல்ல முடியுமா? இங்கிலாந்தில் 2018-இல் திட்ட விதிகளிலேயே எழுதிவிட்டார்கள்: புதிதாகக் கட்ட வருகிறவன்தான், பக்கத்தில் ஏற்கெனவே இருக்கும் சத்தத்துக்கு ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும் என்று. எனக்கு அது நியாயமாகத்தான் படுகிறது.

இரண்டாவது பிளாக் வரைபடம் 2018-இல் என் மேஜைக்கு வந்தது. புரமோட்டரிடம் மூன்று கேட்டேன். தண்டவாளப் பக்கம் மாடிப்படி, லிப்ட், சமையலறை, குளியலறை வரட்டும், படுக்கையறைகள் மறுபக்கம் போகட்டும். ஹாலின் நீளத்தைக் குறைத்து நடுவில் ஒரு பீம் வரட்டும். அஸ்திவாரத்துக்கு மேல் ரப்பர் தாங்கி வைக்கலாம். முதலாவதற்கு உடனே தலையாட்டினார், செலவில்லை. இரண்டாவதற்கு முணுமுணுத்துக்கொண்டே சம்மதித்தார். மூன்றாவதற்கு விலை கேட்டார், சொன்னேன், டீ சொல்லி அனுப்பிவிட்டார். ஆக இரண்டு கிடைத்தது, ஒன்று போயிற்று. இரண்டாவது பிளாக்கில் பிரச்சினையே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். எங்கள் பிளாக்கை விட எவ்வளவோ தேவலாம்.

அந்தப் பிளாக்குக்கும் கடிதம் கேட்டார்கள். இந்த முறை இரண்டு பத்தி எழுதினேன். முதல் பத்தி, கட்டடத்தின் உறுதி பற்றி. இரண்டாவது பத்தி: "இரவில் சரக்கு ரயில் கடக்கும்போது தண்டவாளப் பக்க வீடுகளில் அதிர்வும் சத்தமும் உணரப்படும். வாங்குவோர் ஓர் இரவு இங்கே தங்கிப் பார்த்து முடிவு செய்வது நல்லது." புரமோட்டர் படித்துவிட்டு, "இதைக் காட்டினா எவன் சார் வாங்குவான்?" என்றார். இரண்டு பேர் வாங்காமல் போனார்கள் என்பது உண்மை. மற்றவர்கள் தெரிந்து வாங்கினார்கள். தெரிந்து வாங்கினவர் யாரும் ராத்திரி இரண்டே முக்காலுக்கு என்னைத் திட்டுவதில்லை.

மாணவச் செல்வங்களே, உங்களில் பலர் நாளைக்குக் கையெழுத்தும் முத்திரையும் வைத்திருப்பீர்கள். ஜனங்கள் நம் பாஷையில் கேள்வி கேட்க மாட்டார்கள். "ஒண்ணும் ஆகாதா?" என்றுதான் கேட்பார்கள். அதில் கட்டடம் எவ்வளவு, மனுஷன் எவ்வளவு என்று பிரித்துப் புரிந்துகொள்ள வேண்டியது நம் வேலை. நமக்குத் தெரிந்த பாதிக்கு மட்டும் பதில் எழுதிவிட்டு, மீதியைப் "பழகிடும்" என்று தள்ளிவிடாதீர்கள்.

நண்பர்களே, உங்களில் வீடு வாங்கப் போகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை பகலில் போய்ப் பார்க்காதீர்கள். புரோக்கர் கூட்டிப் போகிற நேரத்தில் கூட்ஸ் வராது. ராத்திரி போங்கள். சாவி வாங்கி, பாய் விரித்து, வெறும் தரையில் ஒரு ராத்திரி படுங்கள். மண் உங்களிடம் நேரடியாகப் பேசும்.

என்னைக் கேட்டால், நான் அங்கேதான் இருக்கிறேன். விற்றுவிட்டுப் போகலாம் என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். வாங்க வருகிறவரிடம் என்ன சொல்வது என்பது எனக்குத் தெரியும், அதனால்தான் விற்க முடியவில்லை!

கடைசியாக ஒன்று. அந்த ஐந்தாவது யூனிட்டைத் தயவுசெய்து சாய்ஸில் விடாதீர்கள்.